காயை மட்டும் ஓரத்தில் ஒதுக்கும் 11 குழந்தைகள்: காப்பகத்து மதியச் சாப்பாட்டுக்கு வழி சொல்லுங்கள்

கேட்பவர்: திருப்பூர் காப்பகத்து அக்கா

எல்லோருக்கும் வணக்கங்க. திருப்பூரில் என் வீட்டு முன்பக்கத்திலேயே சின்னதாக ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். 2 வயதிலிருந்து 4 வயது வரை 11 குழந்தைகள். அம்மாக்கள் எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். செக்கிங், பேக்கிங், ஓவர்லாக் டெய்லர் என்று ஆளுக்கொரு வேலை. காலை எட்டேகாலுக்கு விட்டுவிட்டுப் போனால் திரும்ப வர ஆறரை, ஏழு ஆகிவிடும். அந்தக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் கிடைக்கும் நல்ல சாப்பாடு பெரும்பாலும் என் வீட்டு மதியச் சாப்பாடுதான். அதை நினைத்தால் சில ராத்திரி தூக்கம் வருவதில்லை.

சமையல் நானேதான். வாரத்தில் இரண்டு நாள் விடிகாலை உழவர் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வருவேன். அரிசிம்பருப்பு, சாம்பார் சாதம், ரசம், தயிர், இரண்டு நாள் முட்டை. எது செய்தாலும் கூட ஒரு பொரியல் உண்டு. சாதம் இறங்குகிறது, முட்டை இறங்குகிறது, உருளைக்கிழங்கு வைத்தால் இன்னும் கேட்கிறார்கள். மற்ற காய் எதுவானாலும் வட்டலின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. 3 வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருக்கிறாள். கறிவேப்பிலை, கடுகு வரைக்கும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்த பிறகுதான் முதல் வாய் எடுப்பாள். அதற்குள் சோறு ஆறிப்போகும்.

நேற்று வட்டல் கழுவுமுன் ஓரத்தில் கிடந்ததையெல்லாம் ஒரு கிண்ணத்தில் வழித்துப் பார்த்தேன். அரைக் கிலோ பீன்ஸில் செய்த பொரியல், முக்கால்வாசி அப்படியே இருந்தது. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அரைத்துக் கலந்தும் பார்த்தாயிற்று. பீட்ரூட்டை அரைத்து மாவில் பிசைந்து சப்பாத்தி போட்டேன். நிறத்தைப் பார்த்துக் குதித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். (மறுநாள் காலையில் ஒரு அம்மா பயந்துபோய் போன் செய்தார், பிள்ளைக்கு ஒன்றுக்குச் சிவப்பாகப் போகிறது என்று. பீட்ரூட் செய்கிற அன்றைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.) அந்தத் தைரியத்தில் அடுத்த வாரம் கீரையை அரைத்துக் கலந்தேன். ஒரு பையன் சப்பாத்தியைப் பிய்த்தபோது ஒரு பச்சை நார் கண்ணில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து சப்பாத்தியே வேண்டாம் என்கிறான். தோசையைக்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறான். இருந்த ஒன்றும் போயிற்று.

இன்னொரு பையன் விஷயம்தான் என்னை ரொம்பப் பாதித்தது. இரண்டே முக்கால் வயது. இதற்கு முன் இருந்த இடத்தில் அவன் வாய் திறக்கவில்லை என்று மூக்கைப் பிடித்து அவரைக்காயைத் திணித்திருக்கிறார்கள். வாந்தி எடுத்திருக்கிறான். அதற்கப்புறம்தான் அவன் அம்மா என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார். இப்போதும் பச்சையாக எதைப் பார்த்தாலும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறான். நான் ஊட்டுவதற்குப் பக்கத்தில் போகக்கூட இல்லை, வட்டலில் இருப்பதைப் பார்த்த உடனே பொத்துகிறான்.

என் கேள்விகள் இவ்வளவுதான். காயை மறைத்துக் கொடுப்பதா, தெரியும்படி கொடுப்பதா? சாப்பிடாவிட்டால் வேறு ஏதாவது செய்து தரலாமா? "போன் காட்டியாவது ஊட்டிவிடுங்கக்கா" என்று சொல்கிற அம்மாக்களுக்கு என்ன பதில் சொல்ல? போன் காட்ட எனக்கு மனசில்லை. அதைப் பார்த்துக்கொண்டு விழுங்குகிற குழந்தைக்குத் தான் என்ன மெல்லுகிறோம் என்பதே தெரிவதில்லை.

பதில் 1: அங்கன்வாடி டீச்சர் (ஓய்வு), திண்டுக்கல் பக்கம்

தங்கச்சி, அந்தக் கிண்ணத்தில் வழித்துப் பார்த்தீர்களே, அது நல்ல பழக்கம். எந்தக் காய் எவ்வளவு மிஞ்சுகிறது என்று நானும் நோட்டில் எழுதி வைப்பேன்.

அங்கன்வாடித் திட்டம் 1975-ல் வந்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு அதே சோற்றை நான் பரிமாறும் வேலைக்கு வந்தேன். இத்தனை வருடத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில், அளவைக் குறையுங்கள். 3 வயதுக் குழந்தையின் வட்டலில் ஒரு கரண்டி பொரியல் வைத்தால் அது அவளுக்கு ஒரு மலை. ஒரே ஒரு துண்டு வையுங்கள், உங்கள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு. "இது பீன்ஸ்" என்று பேரைச் சொல்லுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். சாப்பிடு என்று சொல்ல வேண்டாம், சாப்பிட்டால் சாக்லேட் என்றும் சொல்ல வேண்டாம். சாக்லேட்டைக் காட்டினால் காய் என்பது கஷ்டப்பட்டு முடிக்க வேண்டிய ஒன்று என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, பொறுமை. ஒரு புதுக் காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள 10 தடவை, 15 தடவை கூட ஆகும். நாம் மூன்றாவது தடவையிலேயே "இதுக்குப் பிடிக்காது" என்று முடிவுகட்டி நிறுத்திவிடுகிறோம். இனிப்பை விரும்புவதும் கசப்பைத் துப்புவதும் பிறவியிலேயே வருவது. 2 வயதுக்கு மேல், தானே நடந்து தானே எடுத்து வாயில் போடும் வயதில், தெரியாத பொருளைக் கண்டு ஒதுங்குவதும் அந்த வயதின் இயல்புதான். அடம் என்று நினைத்தால்தான் நமக்குக் கோபம் வருகிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். காயைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் காட்டாதீர்கள். காலை பத்து மணிக்குப் பாயை விரித்துக் காய்க்கூடையை நடுவில் வையுங்கள். எங்கள் மையத்தில் வாசலிலேயே ஒரு முருங்கை மரம் இருந்தது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கீரையை உருவிப் போடுவார்கள். பாதி தரையில் விழும், பரவாயில்லை. தான் உருவிய கீரை குழம்பில் கிடக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை அதைத் தேடிப் பார்க்கும். தேடிப் பார்த்தவன் ஒருநாள் தொட்டுப் பார்ப்பான். பட்டாணி உரிக்க, அவரை நார் எடுக்க, காளிபிளவரைப் பூப்பூவாகப் பிய்க்க, இதெல்லாம் 3 வயதுக் கைக்கு ஏற்ற வேலை.

நீங்களும் அவர்களோடு கீழே உட்கார்ந்து அதே வட்டலில் அதே பொரியலைச் சாப்பிடுங்கள். பரிமாறிக்கொண்டே நிற்காதீர்கள். நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை ஒன்றிரண்டு இருந்தால் ஒதுக்குகிற பிள்ளைக்கு எதிரில் உட்கார வையுங்கள். "அவனைப் பார், நீயும் சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சமையலில் ஒன்று. பீன்ஸையும் அவரையையும் நன்றாக நார் எடுத்து, மூடி போட்டு வேகவிடுங்கள். அரைவேக்காட்டுப் பீன்ஸை மெல்ல 2 வயதுப் பல்லால் முடியாது. அதனால் துப்புகிற பிள்ளைகள் நிறைய. பச்சைக் கேரட் துண்டு, முழு வேர்க்கடலை, முழுக் கொண்டைக்கடலை எதுவும் 4 வயதுக்குள் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். கீரைக் கடைசலில் இறக்கிய பிறகு கொஞ்சம் எலுமிச்சை பிழியுங்கள். ருசியும் ஏறும், கீரையில் இருக்கும் இரும்புச்சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும்.

வேறு ஏதாவது செய்து தரலாமா என்று கேட்டீர்கள். தனியாக எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் அன்றைய சாப்பாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த பொருள் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், சாதமோ தயிரோ முட்டையோ. காயைத் தொடாவிட்டாலும் பிள்ளை பசியோடு எழுந்திருக்கக் கூடாது.

வாயைப் பொத்துகிற பையனுக்கு ஒரு மாதம் வட்டலில் பச்சைக் காய் வைக்கவே வைக்காதீர்கள். நடுவில் ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும், வேண்டுமென்றால் அவனே எடுக்கட்டும். உங்கள் கையைக் கண்டு அவன் பயப்படாமல் இருப்பதுதான் முதல் வேலை. காய் அப்புறம்.

பதில் 2: ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா

அக்கா, டீச்சரம்மா சொன்னது எல்லாம் சரி. நான் வேறொரு பக்கத்தைச் சொல்கிறேன், என் மகன் விஷயத்தில் நாங்கள் ஒரு வருடம் தாமதமாகக் கண்டுபிடித்தது.

இரண்டரை வயதில் அவனும் காய் தொட மாட்டான், சோறும் நாலு வாய்க்கு மேல் போகாது. "சாப்பிடவே மாட்டேங்கிறானே, பாலாவது குடிக்கட்டும்" என்று ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை பால் கொடுத்துக்கொண்டிருந்தோம். காலையில் ஒரு பாட்டில், பத்து மணிக்கு ஒன்று, தூங்கும்போது ஒன்று. குழந்தை டாக்டர் ரத்தம் பார்த்தார், இரும்புச்சத்து குறைவு. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, வயிறும் அதிலேயே நிறைந்துவிடுகிறது, அப்புறம் சாப்பாட்டுக்கு இடமேது என்றார். அரை லிட்டருக்குள் நிறுத்தச் சொன்னார், அதுவும் டம்ளரில். முதல் மூன்று நாள் அழுகை. நாலாவது நாள் மதியம் அவனே வந்து "சோறு" என்று கேட்டான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் உங்கள் குழந்தைகள் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள், வழியில் என்ன வாங்கித் தின்கிறார்கள் என்று கேளுங்கள். பதினோரு மணிக்கு 5 ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும் கிரீம் பிஸ்கட்டும் தின்ற குழந்தைக்குப் பன்னிரண்டரை மணிக்குப் பீர்க்கங்காய் எப்படி இறங்கும்?

அப்புறம் மலச்சிக்கல். நாலு நாள் போகாத குழந்தைக்குப் பசிக்காது, காய் சாப்பிடாததால் இன்னும் போகாது. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே போகும். அதை அம்மாக்களிடம் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

எடை ஏறவே இல்லை, மெல்லும்போதெல்லாம் புரையேறுகிறது, கட்டியாக எதைக் கொடுத்தாலும் குமட்டுகிறது, முன்பு சாப்பிட்டதையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு நாலைந்து பொருளோடு நின்றுவிட்டது என்றால் அந்தக் குழந்தையை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வீட்டு வைத்தியத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

பதில் 3: பொள்ளாச்சிப் பாட்டி

கண்ணு, மறைத்துக் கொடுப்பதா தெரியக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறாய். கடைவதும் அரைப்பதும் நம் சமையலே அல்லவா? கீரையைக் கடைகிறோம், கத்தரிக்காயைக் கடைகிறோம், பீர்க்கங்காய்த் தோலைத் துவையல் அரைக்கிறோம். இதில் ஒளிப்பது எங்கே இருக்கிறது? சப்பாத்திக்குள் சொல்லாமல் வைத்தாய் பார், அங்கேதான் தப்பு. அந்தக் குழந்தை உன்னை நம்பித்தான் வாய் திறந்தது. கடைசலை வைத்து "இது சிறுகீரைக் கடைசல் சாமி" என்று பேரைச் சொல்லிப் போடு. மத்தை அதன் கையில் கொடுத்து இரண்டு சுற்றுச் சுற்றச் சொல். பச்சையாக இருக்கிறது என்று அதற்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அரசாணிக்காயில், அதுதான் மஞ்சள் பூசணியில், ஆரம்பி. இனிப்பாக இருக்கும், மெல்ல வேண்டியதே இல்லை. வெங்காயம், ஒரே ஒரு வரமிளகாய் தாளித்து, வெந்ததும் மிளகாயை எடுத்துப் போட்டுவிட்டுத் தேங்காய்த் துருவல் தூவு. அதற்கப்புறம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட், பீட்ரூட். அவரை, பீன்ஸ், சுரைக்காய் எல்லாம் பிறகு வரட்டும். பாகற்காயைப் பற்றி இப்போது யோசிக்கவே யோசிக்காதே.

அரிசிம்பருப்பு செய்கிறாயே, அதில் பொடியாக நறுக்கிப் போடாதே. குழந்தை ஆசையாகச் சாப்பிடுகிற ஒரு சோற்றை அதற்கு விட்டு வை. காயைப் பக்கத்தில் வை.

கேட்பவர்

டீச்சரக்கா, ஈரோட்டுத் தங்கச்சி, பாட்டிம்மா, மூன்று பேர் பதிலையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பாட்டிம்மா, நீங்கள் சொன்ன "நம்பித்தான் வாய் திறந்தது" என்பது மனசில் தைத்துவிட்டது. அந்தச் சப்பாத்திப் பையனிடம் இன்றைக்குச் சொல்லிவிட்டேன்: "இனிமே உள்ளே எதுவும் வைக்க மாட்டேன் சாமி, வெச்சா சொல்லிட்டுத்தான் வைப்பேன்." அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ, தலையாட்டினான்.

காலையில் விடுகிற அம்மாக்களிடம் சிப்ஸ் விஷயமும் கேட்டேன். 11-ல் 7 குழந்தைகள் கையில் பாக்கெட்டோடுதான் வருகிறார்கள். அழாமல் உள்ளே போகட்டும் என்று வாங்கிக் கொடுப்பது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டரை மணிக்குக் கம்பெனி கேட்டில் நிற்க வேண்டும். இனி பாக்கெட்டை வாங்கி வைத்துச் சாயங்காலம் கையில் கொடுத்தனுப்புகிறேன், பத்து மணிக்கு வாழைப்பழமோ கொய்யாவோ நான் தருகிறேன் என்று சொன்னேன். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் சரி என்றார்கள். மூன்று வாரம் கழித்து வந்து சொல்கிறேன்.

கேட்பவர் (மூன்று வாரத்துக்குப் பிறகு)

சொன்னபடி வந்துவிட்டேன். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அழுகைச் சத்தம் நின்றிருக்கிறது.

அரசாணிக்காய் 9 பேருக்கு இறங்கிவிட்டது. கேரட்டை வேகவைத்து நீளநீளமாக வெட்டிக் கையில் கொடுத்தால் எடுக்கிறார்கள். அதையே பொடியாக நறுக்கிப் பொரியலாக வைத்தால் ஓரத்துக்குப் போகிறது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. கடுகு பொறுக்குகிற குழந்தைக்குத் தாளிக்காமல் தனியாக எடுத்து வைத்தேன். இத்தனை நாளும் அவளுக்குச் சிக்கல் காய் இல்லை, அந்தக் கடுகுதான்! இப்போது சுரைக்காய்க் கூட்டுச் சாப்பிடுகிறாள்.

எதிர்பாராத இடத்தில் ஒரு உதவி கிடைத்தது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பாப்பா இருக்கிறாள், மூன்றரை வயது. தமிழ் இப்போதுதான் வருகிறது. அவள் ஆரம்பத்திலிருந்தே காய் ஒதுக்குவதில்லை, நான் அதைக் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். அவள் அம்மாவிடம் கேட்டதும் அவர்கள் வீட்டில் டால்மா என்று செய்வார்களாம், பருப்போடு அரசாணி, பச்சைப் பப்பாளி, வாழைக்காய், கத்தரி எல்லாம் போட்டு வேகவைத்து, வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகாயும் தூவி இறக்குவது என்றார். நம் கூட்டுக்கு அக்கா தங்கச்சி மாதிரி. மிளகாயை விட்டுவிட்டுச் சீரகம் மட்டும் போட்டு ஒருநாள் செய்தேன். அந்தப் பாப்பா வட்டலைப் பார்த்ததும் முகம் மலர்ந்து "டால்மா! டால்மா!" என்று எல்லோருக்கும் காட்டினாள். அன்றைக்கு எதிர் வரிசையில் இருந்த மூன்று பேர் வாழைக்காயை முதல் தடவையாக வாயில் போட்டார்கள். இப்போது புதன்கிழமை டால்மா நாள். அந்த அம்மாவுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? போன வாரம் ஒரு சின்னப் போசியில் சீரகத்தூள் வறுத்துப் பொடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாசலில் ஒரு சிலேட்டும் மாட்டியிருக்கிறேன். முன்பெல்லாம் அம்மாக்கள் வந்ததும் "சாப்பிட்டானா?" என்பார்கள், நானும் "காய் சாப்பிடலைங்க" என்பேன், பிள்ளைக்கு அங்கேயே ஒரு அதட்டல் விழும். இப்போது "இன்னைக்குப் பீர்க்கங்காய் உரிச்சான்", "பீட்ரூட்டை மோந்து பார்த்தா" என்று எழுதிப் போடுகிறேன். போன் காட்டச் சொன்ன அம்மா இப்போது அதைக் கேட்பதில்லை. சிலேட்டைத்தான் முதலில் படிக்கிறார்.

சப்பாத்திப் பையன் இன்னும் சப்பாத்தி தொடவில்லை. தோசையைப் பிரித்துப் பார்ப்பதும் நிற்கவில்லை. அவன் பார்த்து முடிக்கும்வரை நான் பக்கத்தில் காத்திருக்கிறேன். அது நான் செய்த வினை, சரியாக எவ்வளவு நாளானாலும் ஆகட்டும். இன்னொரு குழந்தைக்கு ஈரோட்டுத் தங்கச்சி சொன்ன மாதிரியே மலச்சிக்கல் இருந்தது தெரிந்தது. அவள் அம்மா ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு வந்தார். மருந்து நடக்கிறது.

வாயைப் பொத்துகிற பையனைக் கடைசியாகச் சொல்கிறேன். டீச்சரக்கா சொன்னபடி அவன் வட்டலில் பச்சை எதுவும் வைக்கவில்லை. காலையில் நாங்கள் காய் ஆயும்போது முதல் வாரம் சுவர் ஓரமாகவே நின்றான். இரண்டாவது வாரம் வந்து என் முதுகில் சாய்ந்துகொண்டு பார்த்தான். போன வியாழக்கிழமை அவரைக்காய். நான் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து ஒரு அவரையை எடுத்தது. இரண்டு பெருவிரலாலும் அழுத்தி அழுத்திப் பார்த்தான், தோல் பிளந்தது. உள்ளே நாலு விதை, வரிசையாக. "பாப்பா இருக்கு" என்றான். ஒவ்வொரு விதையாக எடுத்துத் தரையில் வைத்து, திரும்ப அந்தத் தோலுக்குள்ளேயே படுக்க வைத்து மூடினான். அன்று காலை முழுக்க அதையே கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

மதியம் பொரியலை நடுக் கிண்ணத்தில் வைத்தேன், அவனுக்குப் போடவில்லை. பாதிச் சாப்பாட்டில் எட்டிக் கிண்ணத்தைத் துழாவினான். தோலையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெந்த விதை ஒன்றை மட்டும் எடுத்து நாக்கு நுனியில் வைத்தான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே குனிந்து இருந்தேன், நிமிர்ந்து பார்த்தால் துப்பிவிடுவானோ என்று பயம். மென்றான். இன்னொன்று எடுத்தான்.

சிலேட்டில் "அவரை விதை 2" என்று எழுதிப் போட்டேன். சாயங்காலம் அவன் அம்மா அதைப் படித்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கன்வாடி டீச்சர்

தங்கச்சி, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. நாளைக்கும் அவரையே செய்துவிடாதே, ஒரு வாரம் விட்டு வை. அடுத்து மொச்சை கிடைத்தால் வாங்கு, அதிலும் விதை இருக்கும், இன்னும் பெரிசாக. தோலை அவனே உரிக்கட்டும், நீ நன்றாக வேகவைத்து நசுக்கிக் கொடு.